கிட்ட இருக்கிற பக்கம்

நாகர்கோவில் வடசேரியில் ஏறி உட்கார்ந்து, பஸ் ஒழுகினசேரிப் பாலத்தைக்கூட இன்னும் தாண்டவில்லை, அதற்குள் மடியில் இருக்கிற ஆய்வேட்டை மூன்று தடவை தொட்டுப் பார்த்துவிட்டேன். தொடாவிட்டால் நாலாவது அத்தியாயம் தானாக எழுந்து இறங்கிப் போய்விடும் என்கிற மாதிரி. போகாது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஸ்பைரல் போட்டது, நேற்று சாயங்காலம் கோட்டாரில் ஜெராக்ஸ் கடைக்காரர் முகம் சுளிக்கச் சுளிக்க ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிச் சரிபார்த்து வாங்கியது. எண்பத்தேழாம் பக்கத்திலிருந்து நூற்றிமுப்பத்தொன்று வரை நாலாவது அத்தியாயம். அதை எடுத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று வேதநாயகம் சார் திங்கட்கிழமை செய்தி அனுப்பியிருந்தார். 'நான்காம் அத்தியாயத்தை நீக்கிவிட்டுக் கொண்டுவரவும்.' ஒரே வரி. என் பெயரும் இல்லை, அவர் பெயரும் இல்லை, ஏதோ அரசாங்க அறிவிப்பு மாதிரி. பதினொன்றரைக்குத் திருநெல்வேலியில் கூட்டம். என் நெறியாளர் அவர், குழுவில் இன்னும் இரண்டு பேர், நான். ஆய்வின் சுருக்கத்தை அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும், சார் கையெழுத்துப் போட வேண்டும், இந்த மாதம் முப்பதுக்குள் ஆய்வேடு பல்கலைக்கழகம் போய்ச் சேர வேண்டும். ஏழு வருஷப் பதிவு முப்பதாம் தேதியோடு முடிகிறது. நீட்டிப்பு ஒரு தடவை வாங்கியாயிற்று, இனிமேல் கிடையாது. கையெழுத்து இல்லையென்றால் ஏழு வருஷமும் இல்லை. நாற்பத்தாறு வயதில், பெண்கள் கல்லூரியில் பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு ஒளியியல் நடத்துகிற சண்முகவடிவு என்கிற நான் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். தொடங்க மாட்டேன். அத்தியாயத்தை எடுக்கவும் மாட்டேன். இந்த இரண்டும் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம்தான் தெரியவில்லை.

ஜன்னலோரம் எனக்கு. பக்கத்தில் ஓர் அம்மா, பெரிய எக்ஸ்ரே உறையை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அது வளைந்துவிடக் கூடாதே என்று மூச்சைக்கூடப் பார்த்து விடுகிறார். வழியில் எங்கும் நிற்காத பஸ். கண்டக்டர் வடசேரியிலேயே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டார். எண்பது கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. என் வாயு இந்தத் தூரத்தை அரை நொடியில் கடந்துவிடும். என் வாயு! ஏழு வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அடுப்பில் இருக்கிற வாயுவைச் சொல்கிறேன் என்று வீட்டில் நினைத்துக்கொள்ளட்டும். நொடிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர். தென்வானத்தில், ஆறு கோடி ஒளியாண்டு தள்ளி, பட்டியலில் வெறும் எண்ணாக இருக்கிற ஒரு விண்மீன் திரள். அதன் நட்டநடுவில் மூன்று கோடிச் சூரியன் எடையுள்ள ஒரு கருந்துளை, அதைச் சுற்றி வாயு. என் மகள் மதிவதனி ஏழாவது படிக்கும்போது கேட்டாள், இத்தனை தூரத்தில் இருக்கிறது உள்ளே போகுதா வெளியே போகுதா என்று எப்படிம்மா தெரியும் என்று. பூஜைத் தாம்பாளத்தை எடுத்துச் சாய்த்துக் காட்டினேன். இந்த விளிம்பு உனக்குக் கிட்ட, அந்த விளிம்பு தூர. இப்போது கிட்ட இருக்கிற விளிம்பில் ஒரு எறும்பு நடக்கிறது, உன்னைவிட்டு விலகிப் போகிறது, அப்படியென்றால் எங்கே போகிறது? நடுவுக்கு என்றாள். தூர இருக்கிற விளிம்பில் அதே எறும்பு, அதுவும் உன்னைவிட்டு விலகுகிறது. வெளியே போகுது, கீழே விழப் போகுது என்றாள். அவ்வளவுதான் விஷயம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அரை நிமிஷத்தில் புரிந்த விஷயம். என் திரளில் தென்மேற்குப் பக்கத்து வாயு நம்மைவிட்டு விலகுகிறது. அதன் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது. இதில் சாருக்கும் எனக்கும் சண்டையே இல்லை. தென்மேற்கு நமக்குக் கிட்ட இருக்கிற பக்கமென்றால் வாயு நடுவை நோக்கிப் போகிறது, கருந்துளைக்குத் தீனி. தூர இருக்கிற பக்கமென்றால், அதே வாயு, அதே வேகம், வெளியே போகிறது, கருந்துளையின் ஆட்டம் அதைத் தள்ளிவிடுகிறது. சார் கிட்ட என்கிறார். நான் தூர என்கிறேன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவர் கிட்ட என்று எழுதிவிட்டார். உலகம் அதைப் படித்துவிட்டது.

படித்ததில் தப்பில்லை. நல்ல கட்டுரை. அதைப் படித்துத்தான் நானும் அவரிடம் போனேன். அப்போது எனக்கு முப்பத்தொன்பது. என்னைச் சேர்த்துக்கொள்ள இரண்டு பேர் மறுத்திருந்தார்கள். ஒருவர் வயதைச் சொன்னார், இன்னொருவர் வயதைச் சொல்லாமல் என் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். வேதநாயகம் சார் எதுவும் கேட்கவில்லை. ஒரு நிறமாலையை மேஜையில் விரித்து, இதில் ஹைட்ரஜன் எங்கே என்று கேட்டார். காட்டினேன். சரி, வா என்றார். பெரிய தொலைநோக்கிகளின் தரவெல்லாம் ஒரு வருஷம் கழித்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள், நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டே எடுக்கலாம் என்று சொல்லித்தந்தவர் அவர்தான். அவருக்கு அந்த வசதி இல்லை. சின்னத் தொலைநோக்கி, மூன்று மார்கழி, மேகம் விலகக் காத்திருந்து காத்திருந்து, ஒற்றைக் கோடு மாதிரி ஒரு பிளவு வழியாக வருகிற ஒளியை வைத்து அந்த வாயுவைப் பிடித்தார். விரல் விறைத்துப் பேனா பிடிக்க வராதாம், சொல்லியிருக்கிறார். கையில் இருந்த பழைய படத்தில் தென்மேற்கே ஒரு கறுப்புத் தீற்றல் தெரிந்தது. தூசி என்று எடுத்துக்கொண்டார். கிட்ட இருக்கிற பக்கத்துத் தூசிதான் நடுவிலிருந்து வருகிற வெளிச்சத்துக்குக் குறுக்கே நின்று கறுப்பாகத் தெரியும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நானும்தான். இதையும் நான் எழுதியிருக்கிறேன் சார், தொண்ணூற்றொன்பதாம் பக்கம், உங்களைக் குறை சொல்கிற ஒரு வார்த்தை இந்த நாற்பத்தைந்து பக்கத்தில் இல்லை, நீங்கள் திறந்தே பார்க்கவில்லை, பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இப்போதே பேச ஆரம்பித்துவிட்டேன். பக்கத்து அம்மா திரும்பிப் பார்க்கிறார். உதடு அசைந்திருக்கும். பி.எஸ்சி. இரண்டாம் வருஷத்தில் ஒரு பிள்ளை உண்டு, பரீட்சையில் உதட்டை அசைத்துக்கொண்டே எழுதும், நான் அதட்டுவேன். இனிமேல் அதட்டக் கூடாது.

பரீட்சை ஹாலில்தான் பிடிபட்டது. அரையாண்டு, முப்பத்தைந்து பிள்ளைகள், நான் பெஞ்சுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன். அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால் புதிய படங்களை வைத்து அந்தத் திரளின் நிறத்தை அளந்து வைத்திருந்தேன். தூசி என்றால் வெறுமனே கறுப்பாக இருந்தால் போதாது, சிவந்தும் இருக்க வேண்டும், நீல ஒளியை அது அதிகமாகத் தின்னும். தென்மேற்குத் தீற்றல் கறுப்பாக இருந்தது, சிவக்கவில்லை. எங்கேயோ கணக்குப் பிசகியிருக்கிறது என்று ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சுக்கும் நாலாவது பெஞ்சுக்கும் நடுவே, பிசகவில்லை என்று தோன்றியது. அங்கே தூசி இல்லை. புது விண்மீன்கள் பிறக்காத வெறும் இடம், அதனால் மங்கல். சிவந்த இழைகள் எல்லாம் எதிர்ப்புறம், வடகிழக்கில், பழைய படத்தில் தெரியாத அளவு மெல்லிசாக. அப்படியென்றால் வடகிழக்குத்தான் கிட்ட. அப்படியென்றால் தென்மேற்கு... ஒரு பிள்ளை எழுந்து, மேம், அடிஷனல் ஷீட் என்றது. எந்தப் பக்கம் என்று கேட்டேன். அது முழித்தது. அங்கேயே நின்றேன். சந்தோஷம் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அப்போது வந்தது பயம்தான். ஐயோ, சாரிடம் சொல்ல வேண்டுமே என்கிற பயம்.

சொன்னேன். கொண்டுபோன படங்களை அவர் நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அச்சைத் திருப்பிப் போட்டிருப்பாய், கிழக்கு மேற்காகியிருக்கும் என்றார். இல்லை சார், சரிபார்த்தேன் என்றேன். மறுபடி பார் என்றார். பார்த்தேன், பதினோரு தடவை பார்த்தேன். எழுதிக் கொடுத்தேன். நாலு மாதம் அந்தக் கோப்பு அவர் மேஜையில் இருந்தது. போகும்போதெல்லாம் அதன் மேலே வேறு ஏதாவது இருந்தது, ஒரு தடவை விடைத்தாள் கட்டு, ஒரு தடவை அவருடைய மதியச் சாப்பாட்டுப் பை. கேட்டால், ஓய்வுபெற இன்னும் பத்து மாதம், எத்தனை வேலை பார் என்பார். என் வீட்டுக்காரர் நெல்லையப்பன் நேற்றுச் சாப்பிடும்போது நிதானமாகத்தான் சொன்னார். மின்வாரியத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்த மனுஷன், எங்கே எந்த லைனை அணைத்துவிட்டு வேலை பார்க்க வேண்டும் என்று தெரியும். அந்த ஒரு அத்தியாயத்தை இப்போதைக்கு எடுத்துவிடு, பட்டம் கையில் வந்தபிறகு தனியாக எழுதிப் போட்டுக்கொள், யார் கேட்கப் போகிறார்கள் என்றார். நியாயம்தான். இது நியாயமாக இருப்பதுதான் எனக்கு எரிச்சல். பட்டம் வந்தபிறகு சார் ஓய்வுபெற்றுப் போவார், நான் நன்றி உரை சொல்வேன், மாலை போடுவோம், அதன்பிறகு ஒரு மனுஷன் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய ஒரே நல்ல கட்டுரையைத் தப்பு என்று முதுகுக்குப் பின்னால் எழுத வேண்டும். அதுதான் மரியாதையா? முகத்துக்கு நேரே சொன்னால் அவமரியாதை, முதுகுக்குப் பின்னால் சொன்னால் பண்பாடு. எந்த ஊர்க் கணக்கு இது. எனக்கு அது வேண்டாம். அந்த அத்தியாயம் இல்லாமல் மற்ற நூற்றைம்பது சொச்சம் பக்கம் என்ன? அளந்தேன், அளந்தேன், அளந்தேன் என்று. எதற்கு அளந்தேன் என்பது மட்டும் இல்லாமல்.

ஆரல்வாய்மொழி வந்துவிட்டது, பஸ்ஸைக் காற்று பக்கவாட்டில் அறைகிறது. ஜன்னல் கண்ணாடியை இழுத்தால் நகர மாட்டேன் என்கிறது. எக்ஸ்ரே அம்மா உறையைக் கீழே வைத்துவிட்டு எனக்குக் கை கொடுத்து இழுத்தார், மூடிக்கொண்டது. அதோடு பேச்சு திறந்துகொண்டது. டீச்சரா என்று கேட்டார். ஆமா, காலேஜ் என்றேன். பரீட்சை பேப்பரா என்று ஆய்வேட்டைக் காட்டினார். இல்லை, நானே பரீட்சைக்குத்தான் போகிறேன் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதைப் பற்றி என்று கேட்டார். சாதாரணமாக இதற்கு இயற்பியல் என்று சொல்லி முடித்துவிடுவேன். இன்றைக்கு என்னவோ, கருந்துளை என்றேன். "அது எல்லாத்தையும் முழுங்கிப்போடுமாமே," என்றார். "என் மவன் போன்ல காட்டினான். கிட்ட போனா அவ்வளவுதானாம்." எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். எங்கள் கல்லூரி முதல்வர் விழாவில் சொன்னார், என் நாத்தனார் சொன்னாள், சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது ஸ்டாஃப் ரூமில் சொன்னார்கள், கருந்துளை மாதிரி விழுங்குகிறது என்று. "முழுங்கதைவிடத் தள்ளிவிடுகதுதான் ஜாஸ்திம்மா," என்றேன். "உள்ள விழப்போற வாயு விழுகதுக்கு முன்னாலயே சூடாகி, எரியுது பாருங்க, அந்த வெளிச்சமும் காத்தும் சுத்தி இருக்கிற மத்த வாயுவ எல்லாம் வெளிய தள்ளிரும். கொஞ்சம் போல உள்ள போவும். அதுக்கே அந்த ஆட்டம்." அவர் யோசித்தார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, தன்னுடைய நுரையீரலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார், நீர் கோத்திருக்கிறதாம், பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நீரை எடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு காது அவருக்கு, ஒரு காது எனக்கு. வெளியே காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றை எதற்கும் உவமையாக்க மாட்டேன். அவை மின்சாரம் எடுக்கின்றன, அவ்வளவுதான்.

காவல்கிணறு தாண்டும்போதுதான் அது வந்தது. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. அந்த அம்மா எக்ஸ்ரேயை உறையிலிருந்து பாதி உருவிக் காட்டி, இந்தப் பக்கம்தான் வெள்ளையாக இருக்கிறதாம் என்று வலது பக்கத்தைத் தொட்டார். திருப்பிப் பிடித்திருந்தார். எழுத்து இடவலம் மாறித் தெரிந்தது. நான் அதைச் சரியாகத் திருப்பிக் கொடுத்தேன், கொடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. வானத்தைப் பிடிக்கிற படத்தில் வடக்கு மேலே, கிழக்கு இடது கைப் பக்கம். பூமிப் படத்துக்கு நேர் எதிர். எல்லாத் தரவும் அப்படி வராது, சிலது திரும்பி வரும், கோப்பின் தலைப்பில் ஒரு எண் இருக்கும், அதற்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் கிழக்கு இடது, இல்லாவிட்டால் வலது. பதினோரு தடவை சரிபார்த்தேன். எதை? வாயு வேகத்தின் படத்தை. சார் அச்சைத் திருப்பியிருப்பாய் என்று கையை வைத்துக் காட்டியது அதைத்தான், அதனால் அதையே பார்த்தேன், பதினோரு தடவையும் அதையே பார்த்தேன். நிறத்தை அளந்த தூசிப் படம்? அது வேறு தொலைநோக்கி, வேறு கோப்பு. அதைப் பார்த்தேனா. பார்த்திருப்பேன். பார்க்காமல் இருப்பேனா. பார்த்ததாக ஞாபகம் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தபோது பொருந்தியது, பொருந்தத்தான் செய்யும், நடுவில் ஒரு வெளிச்சப் புள்ளியை வைத்துக்கொண்டு திருப்பிப் போட்டாலும் பொருந்தும், வட்டமான எதுவும் எப்படிப் போட்டாலும் பொருந்தும். தூசிப் படம் திரும்பியிருந்தால் சிவந்த இழைகள் வடகிழக்கில் இல்லை, மேற்கே. சார் சொன்னதுதான் சரி. நாற்பத்தைந்து பக்கம் ஒரு குறியில் போய்விடும். காது இரண்டும் சுட்டது. சார் மேஜையில் அந்தச் சாப்பாட்டுப் பையின் ஞாபகம் வந்தது, அவருக்குத் தெரிந்திருக்குமோ, நான் பதினோரு தடவை தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துதான் சும்மா இருந்தாரோ. அப்படியிருக்காது, அவர் திறக்கவே இல்லை. திறக்காமலே சரியாக இருந்துவிட்டால்? அப்படி நடக்கலாம். மனுஷர்கள் அப்படியும் சரியாக இருந்துவிடுகிறார்கள்.

போனை எடுத்தேன். மதிவதனிக்கு ப்ளஸ் டூ, படிப்பு விடுமுறையில் வீட்டில் இருக்கிறாள். என் மேஜையில் கம்ப்யூட்டரைப் போடச் சொன்னேன். போடுகிற நேரம் மொத்தமும் பஸ்ஸின் சத்தத்துக்கு அடியில் எங்கள் வீட்டு மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது, ஒரு சுற்றுக்கு ஒரு கிறீச். கோப்பின் பெயரைச் சொன்னேன், எழுத்து எழுத்தாக. தலைப்பைத் திறக்கச் சொன்னேன். நானூறு வரி ஓடும், அதில் சி, டி, ஒன்று, அடிக்கோடு, ஒன்று என்று ஆரம்பிக்கிற வரியைத் தேடச் சொன்னேன். தேடினாள். நான் நாங்குநேரிப் பொட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முள்மரமும் வெயிலும். ப்ளஸ் என்றால் என்ன செய்வேன்? பஸ்ஸிலேயே செய்வேன். ஸ்பைரலைக் கழற்ற வராது, கிழித்துவிடுவேன், எண்பத்தேழிலிருந்து நூற்றிமுப்பத்தொன்று வரை. சாரிடம் போய், நீங்கள் சொன்னதுதான் சரி, நான்தான் தப்பு, என்று அந்த இரண்டு பேர் முன்னாலேயே சொல்வேன். இது தோன்றியதும் பயம் கொஞ்சம் அடங்கியது. ஏனென்றால் அதைச் செய்வேன் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. தப்பு என்றால் நானே கிழிப்பேன். பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு பக்கம் கிழிக்க மாட்டேன். ஏழு வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் இதுதான் போல, சாரிடம் சொல்ல. "அம்மா, கிடைச்சுட்டு," என்றாள் மதி. "எண்ணுக்கு முன்னால மைனஸ் இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு." "நல்லா பாரு." "மைனஸ்தாம்மா. தூசியா இருக்குமோன்னு ஸ்கிரீனத் தொடச்சுட்டுப் பாத்தேன். அப்பவும் இருக்கு." அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "இருக்கணுமா, இருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டாள். எதுவாயிருந்தாலும் சரிதான், சாப்பிட்டுவிட்டுப் படி என்றேன். குரல் உடைந்துவிட்டது. பக்கத்து அம்மா வீட்டில் ஏதும் விசேஷமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அதன்பிறகு திருநெல்வேலி வரைக்கும் எனக்குக் கோபம்தான். சார் மேலே மட்டும் இல்லை. நேற்று வரை இந்தக் கோப்பைத் திறந்து பார்க்காத என் மேலே. அச்சைத் திருப்பிப் போட்டிருப்பாய் என்றவர் கூடவே உட்கார்ந்து, வா சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லியிருந்தால் இந்தக் குறியை அன்றைக்கே பார்த்திருப்போம். அதற்குத்தானே நெறியாளர். என் தப்பைத் தேடித் தர வேண்டியது அவர் வேலை. அவர் செய்யாததால் பஸ்ஸில் மகளை வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. பயத்தில் ஒரு நல்ல குணம், அது தீர்ந்துபோனால் உடம்பு லேசாகிவிடுகிறது. புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி, அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரிப் பஸ்ஸைக் கேட்டுச் சொல்லி ஏற்றிவிட்டு, ஒரு டீ குடித்தேன். நின்றுகொண்டே, முழு கிளாஸும். பாளையங்கோட்டைக்கு ஆட்டோ. மாடிப்படி ஏறும்போது முழங்கால் வலித்தது, வலிக்கட்டும். கதவு திறந்துதான் இருந்தது. சார் நடுவில், ஒரு பக்கம் பேராசிரியர் ஹமீதா பானு, வேறு கல்லூரிக்காரர், கறாரானவர் என்று பெயர். இன்னொரு பக்கம் கணிதத் துறையிலிருந்து ஒருவர், கூட்டத்துக்கு ஆள் கணக்குக்கு வந்தவர், பாவம், வெற்றுத்தாளில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். சார் என் கையைப் பார்த்தார். தடிமனைப் பார்த்தார். நூற்றைம்பது சொச்சமா இருநூறுக்கு மேலா என்று முப்பது வருஷம் ஆய்வேடு பார்த்த கண்ணுக்குத் தெரியும்.

முதல் மூன்று அத்தியாயத்தையும் பதினைந்து நிமிஷத்தில் சொன்னேன். நாலாவதைத் திரையில் போட்டபோது சார் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். ஹமீதா பானுதான் கேட்டார், எது கிட்ட இருக்கிற பக்கம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று. சொன்னேன். இரண்டு கோப்பின் தலைப்பையும் பற்றிச் சொன்னேன். இரண்டாவதை இன்றைக்குக் காலையில்தான் சரிபார்த்தேன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டியதில்லை, சொன்னேன். சார் அப்போதுதான் நிமிர்ந்தார். அவர் கேட்ட கேள்விகள் நல்ல கேள்விகள். தூசியின் அளவில் எவ்வளவு பிழை இருக்கலாம். நடுவில் இருக்கிற விண்மீன் கூட்டமே ஒரு பக்கம் சரிந்திருந்தால்? தாம்பாளம் தட்டையாக இல்லாமல் நெளிந்திருந்தால், வெளியே போவதாகத் தெரிவது வெறும் சுழற்சியாக இருக்கலாமே? கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது அவர் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது, நிறமாலையை விரித்து ஹைட்ரஜன் எங்கே என்று கேட்ட அன்றைக்கு இருந்தது. இருக்கலாம் சார் என்றேன். நூற்றிருபதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது, ஆனால் அப்படியே இருந்தாலும் வாயு உள்ளே போகவில்லை. நூற்றிருபதாம் பக்கத்தைத் திருப்பினார். படித்தார். நாலு மாதமாக அவர் படிக்காத பக்கத்தை என் கண் முன்னால் வரி வரியாகப் படித்தார். கணிதத் துறைக்காரர் கட்டம் போடுவதை நிறுத்திவிட்டார். பிறகு சார் ஒப்புதல் தாளை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு பேனாவின் மூடியைத் திறந்தார். எழுதவில்லை.

"நான் இதை ஒத்துக்கிடலை, வடிவு."

"தெரியும் சார்."

"கையெழுத்துப் போட்டா ஒத்துக்கிட்டதா ஆகும். அந்த அத்தியாயம் இல்லாம கொண்டா, இப்பவே போடுதேன். ரெண்டு நாள்ல சரி பண்ணிரலாம்."

பஸ்ஸில் தயார் செய்த வாக்கியம் ஒன்று இருந்தது. அவர் விரலைப் பார்த்தேன், அது வரவில்லை. பேனா பிடிக்க விறைத்துப்போகும் என்று சொன்ன விரல். இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காக ஒரு பக்கத்தை எடுப்பேனா? எடுக்க மாட்டேன். இரக்கம் அது பாட்டுக்கு இருக்கட்டும்.

"அத்தியாயம் இருக்கும் சார்," என்றேன். "நீங்க ஒத்துக்கிடலைங்கறத எழுதிட்டே கையெழுத்துப் போடுங்க. ஏன் ஒத்துக்கிடலைன்னும் எழுதுங்க. படிக்கிறவங்க ரெண்டையும் படிக்கட்டும்."

அவர் ஹமீதா பானுவைப் பார்த்தார். அப்படி எழுதக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை என்றார் அவர், தன் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே. சார் எழுத ஆரம்பித்தார். ஒரு வரி எழுதி நிறுத்துவார் என்று நினைத்தேன். எழுதிக்கொண்டே போனார். எதிரில் நின்று தலைகீழாகப் படித்தேன். தென்மேற்கே அண்மைப் பக்கம் என்பது என் கருத்து, தட்டு நெளிந்திருக்கும் வாய்ப்பு இங்கே குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கிறது, என்று ஆறு வரி. கையெழுத்து ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. நாலு மாதத்தில் முதல் தடவையாக என்னோடு சண்டை போடுகிறார். போடட்டும். இதற்குத்தான் வந்தேன். அடியில் பெயரைப் போட்டு, தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் எடுத்தேன், முதலிலிருந்து கடைசி வரை நேராக ஒரு தடவை படித்தேன், திரும்ப அவர் முன்னால் வைத்தேன்.

"தேதி போடல சார்," என்றேன்.

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு தேதியைப் போட்டார்.